கிழங்கான் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ராடும் வாளியில் நாலு கிழங்கானும் இருந்தால் போதும், கடற்கரையில் நடைக்கு வந்தவர்கள் நின்று பேச்சுக் கொடுப்பார்கள். புதிதாக ராடு வாங்கிய பிள்ளைகளும் வருவார்கள். ஆள்தான் மாறுமே தவிர சந்தேகம் மாறாது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து பாம்பன் வரையுள்ள கரையை மனதில் வைத்து எழுதியது; கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுபவர்களுக்கானது.

சார், கிழங்கான்னா எது? லேடி ஃபிஷ்னு ஓட்டல்ல போடுறாங்களே, அதுவா?

அதேதான். உருண்டு நீண்ட உடம்பு, கூம்பிய மூக்கு, முதுகில் மணல் நிறம், பக்கவாட்டில் வெள்ளி மினுமினுப்பு. உயிரோடு தண்ணீரிலிருந்து எடுத்த மீனை வெயிலுக்கு எதிரே பிடித்தால் வால் பக்கம் லேசாக ஒளி ஊடுருவும். அறிவியல் பெயர் சில்லாகோ சிஹாமா. செங்கடல் பக்கம் பிடித்த மீனை வைத்து இயற்கை ஆய்வாளர் ஃபோர்ஸ்கோல் எழுதிய விவரம் 1775-ல் அச்சானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இந்த மீன் உண்டு. 

மங்களூரில் ரவை தடவிப் பொரித்துத் தரும் காணே மீனும் இதுதான். அமெரிக்க வீடியோக்களில் லேடி ஃபிஷ் என்று தண்ணீருக்கு மேலே துள்ளுகிறதே, அது வேறு குடும்பம். அந்த வீடியோவைப் பார்த்து லூர் (போலி இரை) வாங்க வேண்டாம்.

அடியில வாழுற மீன்னா தட்டையாத்தானே இருக்கணும்? இது நீளமா இருக்கே?

நாக்கு மீனையும் திருக்கையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். அவை அடியில் படுத்துக் கிடப்பவை. கிழங்கான் படுக்காது. அடி மணலை ஒட்டிக் கூட்டமாக நீந்திக்கொண்டே மேயும். வயிற்றுப் பக்கம் சற்றுத் தட்டையாக இருப்பதும், வாய் சிறுத்து மூக்கின் அடியில் இருப்பதும் அதற்காகத்தான். உதட்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், குழாய் போல முன்னால் நீண்டு கீழ்நோக்கி வளையும். மணலுக்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்க ஏற்ற வாய் அது.

தூண்டில் போடுபவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரை மணலில் கிடக்க வேண்டும். தக்கை கட்டி நடுத்தண்ணீரில் தொங்கவிட்டால் கிழங்கான் அதற்காக மேலே ஏறி வராது.

மண்ணுக்குள்ள புதைஞ்சிக்கும்னு தாத்தா சொல்வாரு. நெசமா?

நிஜம். ஆபத்து என்று பட்டால் தலையை மணலில் குத்தி ஒரே உதறலில் உள்ளே போய்விடும். கரைவலை இழுக்கும்போது அடிக்கயிறு மேலே போகும்வரை புதைந்திருந்து தப்பிக்கிற மீன் இது. கணுக்கால் அளவு தண்ணீரில் நடக்கும்போது முன்னால் ஏதோ நிழல் ஓடி, அந்த இடத்தில் மணல் மட்டும் புகைந்தால் அது பெரும்பாலும் கிழங்கான்.

ஆகவே தண்ணீருக்குள் இறங்கி நின்று தூண்டில் போடும் பழக்கத்தை விடுங்கள். நீங்கள் நிற்கும் இடம்தான் பல நேரம் மீன் மேயும் இடம். இதைப் பற்றி எறியும் தூரத்துக்கான கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்ன தின்னும்?

முதலிடம் மணலிலும் சேற்றிலும் வாழும் புழுக்களுக்கு. அடுத்து சிறு இறால், பொடி நண்டு, மண்ணோடு கிடக்கும் மற்றச் சின்ன உயிர்கள். குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மிதவை உயிர்களைத் தின்று, வளர வளர அடிமணலுக்கு மாறும். பிடித்த மீனின் குடலைக் கழுவும்போது ஒருமுறை கீறிப் பாருங்கள். அந்த இடத்தில் அன்றைக்கு எந்த இரை ஓடுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமாட்டார்கள்.

எவ்ளோ பெருசு ஆகும்? எனக்கு விரல் சைஸ்தான் வருது.

சந்தையில் பார்ப்பது பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. நீளம். 30 செ.மீ. தொட்டால் அது பெரிய மீன், படம் எடுத்துக்கொள்ளலாம். இதே குடும்பத்தில் ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் வைட்டிங் 70 செ.மீ. வரை போகும், நம் மீனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

விரல் அளவு மட்டுமே வருகிறதென்றால் நீங்கள் குஞ்சுகள் வளரும் இடத்தில் நிற்கிறீர்கள். உப்பங்கழியின் உள்பக்கம், கோரையும் பாசியும் உள்ள ஓரத்தில் குஞ்சுகள் திரளும். அங்கிருந்து முகத்துவாரத்தை நோக்கி, ஆழம் திடீரென்று மாறும் விளிம்புக்கு நகருங்கள். ஐம்பதடி தள்ளி நின்றாலே மீனின் அளவு மாறுவதைப் பார்க்கலாம்.

ஆண், பொண்ணு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முட்டை எப்ப விடும்?

வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். பெரிய மீன்களில் பெண்ணே அதிகம்.

முட்டையை ஒரே மூச்சில் கொட்டிவிடாமல் தவணை தவணையாக விடும். முட்டை பொடிப்பொடியாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும், எந்தத் தாயும் காவல் காக்காது. கடலில் பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் வந்து வளரும். காலம் இடத்துக்கு இடம் மாறுவதால் காலண்டரில் ஒரு மாதத்தைக் குறித்துக் கொடுப்பது சரியாக வராது. வாளியில் உள்ள மீன்களை நறுக்கும்போது சினை நிறைந்தவை தொடர்ந்து வந்தால் அந்தப் பக்கத்தில் அதுதான் பருவம்.

சென்னைக்குப் பக்கத்துல எங்க போகலாம்ணே?

மணல் அடியும் உப்புத்தண்ணீர் வந்துபோகும் வழியும் சேர்ந்த இடமெல்லாம் கிழங்கான் இடம். வடக்கே பழவேற்காடு, தெற்கே கோவளத்தை ஒட்டிய முட்டுக்காடு முகத்துவாரம், இன்னும் கீழே மரக்காணம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் இடம், முத்துப்பேட்டை, பிறகு மண்டபம், பாம்பன். முகத்துவாரம் எதுவானாலும் ஒன்றைப் பாருங்கள்: வாய் திறந்திருக்கிறதா? கோடையில் மணல் அடைத்து மூடிக்கொள்ளும் வாய்கள் நம் கரையில் நிறைய. மூடிய கழியில் கடலிலிருந்து புது மீன் உள்ளே வர வழியில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வாயை உடைத்துக்கொண்டு போகும். செந்தண்ணீர் வடிந்து, தண்ணீர் மறுபடி கரித்துத் தெளியத் தொடங்கும் நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

கழியே வேண்டாம், திறந்த கடற்கரை போதும் என்றால் அதுவும் சரி. அலை சாந்தமாக உடையும், பாறையில்லாத எந்தக் கரையிலும் கிழங்கான் உண்டு.

எந்த நேரம் நல்லது? அமாவாசை, பௌர்ணமி பாக்கணுமா?

பார்த்தால் லாபம். சென்னைப் பக்கம் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் ஓட்டம் வலுவாக இருக்கும். தண்ணீர் ஓடினால் மீன் மேயும், அசையாமல் நின்றால் மீனும் நின்றுவிடும்.

கழிக்குள் ஏற்றத்தின்போது, காய்ந்து கிடந்த மணல்திட்டின் மேல் தண்ணீர் ஏறும். புழுக்களைத் தேடி கிழங்கான் முழங்கால் ஆழத்துக்குக்கூட வரும். வற்றத்தில் அதே மீன் திட்டின் விளிம்பிலிருந்து பள்ளம் விழும் இடத்தில் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக் காத்திருக்கும், திட்டிலிருந்து அடித்துவருவது வாய்க்கு நேராக வரும் என்பதால். ஏற்றத்தில் திட்டு, வற்றத்தில் விளிம்பு. விடியலும் மாலையும் இந்த ஓட்டத்தோடு பொருந்தி வந்த நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவில் போவதானால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை விளக்கைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடும்.

என்ன ராடு, என்ன ரீல், எத்தனாம் நம்பர் முள்ளு?

லேசானது எதுவும் போதும். ஏழிலிருந்து ஒன்பதடி ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல், 0.20 முதல் 0.25 மி.மீ. நரம்பு (தூண்டில் நூல்). ராடே இல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசியைக் கையால் எறிந்து என்னைவிட அதிகம் பிடிக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் இருக்கிறார்கள்.

தூண்டில் முள் 8-ம் நம்பர், தண்டு நீண்டது. எண் ஏற ஏற முள் சிறுக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். வாய் எவ்வளவு சின்னது என்பதை மேலே சொல்லியாயிற்று. பாறை மீனுக்கு வாங்கிய முள் அதற்குள் நுழையாது. நீண்ட தண்டு எதற்கென்றால், மீன் விழுங்கிவிட்டாலும் கழற்றப் பிடி கிடைக்கும்.

ஈயக்குண்டு துளையுள்ளது. அது நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். குண்டுக்குக் கீழே சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதிலிருந்து இரண்டு முழம் நீளத்துக்குள் மெல்லிய நரம்பு, முனையில் முள். கழியில் 15 கிராம், அலை அடிக்கும் கரையில் 30 கிராம். மீன் இரையை எடுத்து நகரும்போது குண்டின் கனம் தெரியக்கூடாது.

இரைக்கு இறால் வாங்கிட்டு வந்தேன், சரியா?

சரிதான், ஆனால் முழு இறாலைக் கோக்காதீர்கள். ஓட்டை உரித்து, சுண்டுவிரல் நகம் அளவு துண்டு. முள்ளின் கூர் வெளியே தெரியட்டும். அதைவிட நல்லது கழி ஓரச் சேற்றைத் தோண்டினால் வரும் புழு. அதில் ஒரு அங்குலம் போதும், அரை அங்குலம் வாலாகத் தொங்க வேண்டும். திறந்த கரையில் அலை வாங்கும்போது கண்முன்னே சட்டென்று மணலுக்குள் இறங்குமே முட்டை வடிவச் சின்ன நண்டு, அதில் ஓடு மென்மையாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்து மீனுக்குத் தெரிந்த சாப்பாடு. மட்டிச் சதையும் ஆகும். கணவாய்க் கீற்று முள்ளில் நன்றாக நிற்கும், பொடி மீன் பிய்த்துத் தின்னும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

தேவைக்கு மட்டும் தோண்டுங்கள், தோண்டிய குழியை மூடுங்கள்.

நூறு மீட்டர் எறியுறேன், ஒண்ணும் கடிக்கல. இன்னும் பெரிய ராடு வாங்கணுமா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். பதில்: வேண்டாம், பாதிப் பேர் மீனைத் தாண்டித்தான் எறிகிறார்கள்.

கடற்கரையில் பத்து நிமிடம் தூண்டில் போடாமல் நில்லுங்கள். அலை முதலில் வெள்ளையாக உடைகிற இடத்தின் கீழே மணல்திட்டு இருக்கிறது. அந்த நுரை கரையை நோக்கி வரும் வழியில் ஓரிடத்தில் அடங்கி, தண்ணீர் சற்றுக் கருத்துத் தெரியும். அங்கே பள்ளம். பிறகு கரையின் சரிவில் மறுபடி உடைகிறது. அந்தப் பள்ளம் பல கரைகளில் இருபது முப்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். அலை கலக்கிவிட்ட புழுவும் நண்டும் அதில்தான் வந்து சேரும், கிழங்கானும் அதில்தான் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும். நூறு மீட்டர் எறிந்தவர் திட்டுக்கு அப்பால் வெறும் மணலில் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

திட்டின் உள்விளிம்பில் விழும்படி எறிந்து, குண்டு அடியைத் தொட்டதும் நரம்பை இறுக்குங்கள். பிறகு ரீலை அரைச் சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி அரைச் சுற்று. குண்டு மணலை உரசி ஒரு சிறு புகையைக் கிளப்பும். புழு கிளம்புகிறதென்று கூட்டத்தில் ஒன்றாவது திரும்பிப் பார்க்கும். ஜப்பானியர்கள் இதே குடும்பத்து கிசு மீனை, குண்டை அடியில் மெல்ல இழுத்து இழுத்துத்தான் கரையிலிருந்து பிடிக்கிறார்கள். முள் கரைக்கு ஐந்தடி தூரத்துக்கு வரும்வரை இழுப்பதை நிறுத்தாதீர்கள். கடைசி அலைச் சரிவில் கடிப்பவை எண்ணிக்கையில் குறைவில்லை.

ஒன்று மாட்டினால் அதே கோட்டில் மறுபடி போடுங்கள். இது தனியாகத் திரியும் மீன் அல்ல.

டக்கு டக்குன்னு தட்டுது, இழுத்தா ஒண்ணும் இல்ல. ஏன்?

இழுப்பதால்தான். முதல் தட்டு, மீன் இரையை உதட்டில் பிடித்துப் பார்ப்பது. அப்போது வெட்டி இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள். ராடின் முனையை ஒரு சாண் முன்னால் தாழ்த்திக் கொடுங்கள். அடுத்த தட்டு கனமாக வந்து நரம்பு நகரும்போது ராடை நிதானமாகத் தூக்கினால் போதும்.

அப்படியும் வெறும் முள்ளே வந்தால் இரை நீளமாக இருக்கலாம், முள் பெரிதாக இருக்கலாம், அல்லது கடிப்பது கிழங்கானே இல்லாமல் இருக்கலாம். முள்ளோடு சேர்த்து நரம்பும் கத்தியால் அறுத்ததுபோல் போயிருந்தால் அடியில் பேத்தை மீன் நிற்கிறது. இடத்தை மாற்றுங்கள்.

லூர் போட்டு வருமா?

வரும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவினனான மணல் வைட்டிங்கை மேல்தண்ணீர் லூரில்கூடப் பிடிக்கிறார்கள். இங்கே தெளிந்த, ஆழமில்லாத கழியில் இரண்டு அங்குல மென்புழு லூரை அடியோடு இழுத்தால் சில நேரம் அடிக்கும். கலங்கிய தண்ணீரில் புழுவின் வாசனைக்கு ஈடில்லை. லூர் ஆசை இருந்தால் கொடுவா மீனுக்குப் போடுங்கள்.

கிழங்கானுக்குப் போட்டா வேற என்னென்னவோ வருது. எதுக்குப் பயப்படணும்?

மூன்றுக்கு. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கச் சிறகிலும் ரம்பம் போன்ற முள் உண்டு. குத்தினால் கை வீங்கும், வலி மணிக்கணக்கில் இருக்கும். துணியோ குறடோ இல்லாமல் தொடாதீர்கள். திருக்கையின் வால்முள் இன்னும் மோசம். நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில் காயத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பேத்தை கையில் ஊதிக்கொண்டு வேடிக்கை காட்டும், ஆனால் அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது.

நான்காவதாகக் கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தின் மணல் விளிம்பு, நிற்கும்போதே காலடியில் சரியும். வற்றத்தில் ஓட்டம் வெளியே இழுக்கும். இடி கேட்டால் ராடைக் கீழே வையுங்கள், கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். கடல் நிலவரம் கணித்துச் சொல்லும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை, கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று கரையேறும் அலை) எச்சரிக்கை தரும் நாளில் கரைக்கே போகாமல் இருப்பது நல்லது.

தடைக்காலத்துல தூண்டில் போடலாமா? போலீஸ் பிடிக்குமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் உள்ள தடை விசைப்படகுகளுக்கானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கரையில் நின்று போடும் ஒற்றைத் தூண்டிலை அது தொடாது.

இடத்துக்கான தடைதான் உங்களைப் பிடிக்கும். துறைமுகச் சுவர், கடற்படை, கடலோரக் காவல் வளாகம், பறவைகள் சரணாலய எல்லை இங்கெல்லாம் வேண்டாம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு, 1986-ல் அறிவிக்கப்பட்டது. படகு கிடைத்தது என்று அந்தத் தீவுகளில் இறங்கினால் வனத்துறை வழக்குதான்.

அடையாறு வாயில பிடிச்சத சாப்பிடலாமா?

நான் சாப்பிடமாட்டேன். அடையாறு, கூவம் இரண்டும் நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வருகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும் ஆலைக் கழிவும் பல ஆண்டுக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. கிழங்கான் தின்பது சேற்றுப் புழுவை என்பதை நினைத்துப் பாருங்கள். சேற்றில் இருப்பது புழு வழியாக மீனுக்குப் போகும். அங்கே பிடித்துப் பழகுங்கள், விட்டுவிடுங்கள். சாப்பிடப் பிடிப்பதானால் மேலே சொன்ன மற்ற இடங்களுக்குப் போங்கள்.

சின்னதை விட்டா என்ன, வலைக்காரன் அள்ளிட்டுப் போகப்போறான். நான் ஒருத்தன் விட்டு என்ன ஆகும்?

முட்டுக்காட்டில் ஒருவர் கேட்டார், கோபமாகவே. ஒரு சாணுக்குக் குறைந்ததை நான் விட்டுவிடுகிறேன். கிழங்கான் 13 செ.மீ.க்கு மேல்தான் பருவத்துக்கு வரத் தொடங்கும். ஒரு சாண் மீன் ஒரு தவணையாவது முட்டை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது என் அளவுகோல், அவ்வளவுதான். வலைக்காரர் பிடிப்பது பிழைப்புக்கு. நாம் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள், இருவர் கணக்கும் ஒன்றாக முடியாது. அதோடு விரல் அளவு மீனில் தின்ன என்ன இருக்கிறது?

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வறண்ட கையில் செதில் கொட்டிவிடும். முள் ஆழமாகப் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே நறுக்குங்கள். நறுக்கிய நரம்பு பையில் போகட்டும். மணலில் கிடக்கும் தங்கூசி காலில் சுற்றி நொண்டும் காக்கையைப் பார்த்தவர்கள் அதை வீசமாட்டார்கள்.

ஒரே கூட்டத்துல பிடிச்சது ரெண்டு மாதிரி இருக்கு. கிழங்கான்ல வகை உண்டா?

உண்டு, இது நல்ல கண்ணுள்ளவர் கேட்ட கேள்வி. இந்தியக் கரைகளில் சில்லாகோ சொரிங்கா (1982), சில்லாகோ வின்சென்டி (1980), சில்லாகோ இண்டிகா (1985) என்று பிற்காலத்தில் பிரித்தறிந்த இனங்களும் இருக்கின்றன. அதற்கு முன் பலவும் சிஹாமா கணக்கிலேயே போயிருக்கும். வங்காளப் பக்கக் கழிமுகங்களில் முதுகுமுள் ஒன்று நூல்போல் நீண்ட கிழங்கானும் உண்டு, அதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

மற்றவற்றை வெளித்தோற்றத்தில் பிரிப்பது கடினம். சிஹாமாவுக்கு முதல் முதுகுத் துடுப்பில் 11 முட்கள், இரண்டாவதில் ஒரு முள்ளும் 20 முதல் 23 வரை மென்கதிர்களும். உறுதி வேண்டுமென்றால் கழுவும்போது பாருங்கள்: முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு காற்றுப்பை இருக்கும். சிஹாமாவில் அது பின்னால் இரண்டு கூரிய வால்களாகப் பிரிந்து, வயிற்றறையைத் தாண்டி வால்சதைக்குள் நீளும். வல்லுநர்களும் இந்தப் பையின் வடிவத்தை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். கத்தியை ஆழமாக விட்டால் பை கிழிந்துவிடும், கத்தரிக்கோலால் வயிற்றின் ஓரமாக வெட்டுங்கள்.

குழந்தைக்குக் குடுக்கலாமா? வீட்ல பொரிச்சா உடைஞ்சி போகுது.

கொடுக்கலாம். சதை மிருது, நடுமுள்ளைத் தலையோடு பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் முழுசாக வரும். விலா முட்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உடைவது ஈரத்தால். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கம் சுரண்டி, குடலை எடுத்து, கழுவிய பின் துணியால் ஒற்றி எடுங்கள். தோலை உரிக்காதீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் அரிசிமாவு போதும். எலுமிச்சையில் வெகுநேரம் ஊறவைத்தால் சதை நெகிழும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஒருபுறம் தானாகக் கல்லை விடும்வரை தொடாமல், ஒரே ஒரு தடவை திருப்புங்கள். குழம்பானால் புளி கொதித்து அடங்கியதும் கடைசியாக மீனைப் போட்டு ஐந்து நிமிடம். கரண்டி வேண்டாம், சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.